கால்சட்டையும் காட்டுமிராண்டிப் பட்டமும்

பழைய பேரரசுகளின் வரலாற்றாசிரியர்கள் ஓர் இனத்தைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதும் இடங்களைப் படிக்கும்போதெல்லாம், அவர்களின் உடையும் தலைமுடியுமே முதல் சாட்சியாக நிறுத்தப்படுவது என்னை உறுத்துகிறது.

இன்றைய பிரான்சும் அதன் சுற்றுப்பகுதிகளுமான கௌல் நாட்டின் தென்பகுதிக்குக் ‘கால்சட்டை கௌல்’ என்றும், வடக்கே இருந்த பெரும் பரப்புக்கு ‘நீள்முடி கௌல்’ என்றும், தங்களைப் போல உடுத்தத் தொடங்கிய இத்தாலியப் பக்கத்துப் பகுதிக்கு ‘டோகா கௌல்’ என்றும் ரோமானியர் பெயர் வழங்கினர். டோகா என்பது ரோமானியர் உடலைச் சுற்றி உடுத்திய நீண்ட துணி. கி.பி. 69-இல் ரோமானியத் தளபதி கெய்கினா வண்ண மேலாடையும் கால்சட்டையும் அணிந்தபடி, டோகா உடுத்தியிருந்த இத்தாலிய நகரத்தாரிடம் பேசியபோது, அதை அவர்கள் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு இகழப்பட்ட அந்த ஆடையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சீனாவின் துர்ஃபான் பகுதியில் யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் பழமையான கம்பளிக் கால்சட்டையில், இரு கால்களுக்கும் தனித்தனித் துண்டுகளும், குதிரைமேல் கால்களை அகட்டி உட்கார வசதியாக நடுவில் ஓர் அகலமான துண்டும், வெட்டி வீணாக்காமல் அந்தந்த அளவுக்கே தறியில் நெய்து தைக்கப்பட்டிருக்கின்றன. முழங்கால் பகுதியில் அழகிய கோலங்களும் உண்டு. பிறர் உதவியின்றி மடிப்புக் கலையாமல் உடுத்துவதே கடினமான டோகாவைவிட இது எந்த வகையில் தாழ்ந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

தூய்மை விஷயத்திலும் அதே அநீதிதான். கொழுப்பும் சாம்பலும் சேர்த்துச் செய்யும் சோப்பு, முடியைச் செந்நிறமாக்கக் கௌல் மக்கள் கண்டுபிடித்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளான டேனியர்கள் நாள்தோறும் தலைவாரி, சனிக்கிழமைதோறும் குளித்து, ஆங்கிலேயப் பெண்களின் மனத்தைக் கவர்ந்தார்கள் என்று பிற்கால ஆங்கிலேயத் துறவி ஒருவர் குற்றமாகவே எழுதிவைத்தார். அழுக்காக இருந்தாலும் பழி, சுத்தமாக இருந்தாலும் பழி என்றால், தீர்ப்பு முன்னதாகவே எழுதப்பட்டுவிட்டது என்றுதான் பொருள்.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் ஹொனோரியஸ் ரோம் நகருக்குள் கால்சட்டை அணியத் தடை விதித்தார். மீறினால் சொத்துப் பறிமுதல், நிரந்தர நாடுகடத்தல். 410-இல், ரோமானியர் காட்டுமிராண்டிகள் என்றழைத்த ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர், தங்கள் தலைவர் அலாரிக்கின் கீழ் நகரைச் சூறையாடினர். அதன் பிறகும், 416-இல், நீள்முடிக்கும் தோலாடைக்கும் தடை வந்தது. பேரரசின் படைவீரர்களோ அதற்கு வெகுகாலம் முன்பே கால்சட்டைக்கு மாறியிருந்தார்கள்.