கள்ளு முட்டியும் என் கிண்ணமும்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு என் மட்பாண்டங்களைக் கேட்டிருந்தார்கள். முப்பது கிண்ணங்களும் நான்கு பெரிய சாடிகளும் கொண்டுபோனேன். அவற்றோடு, வலிகாமத்தில் எனக்கு மண் பார்க்கச் சொல்லித்தந்த ஐயா ஒருவர், பனையில் கட்டிக் கள்ளு இறக்குவதற்காகச் செய்த ஆறு முட்டிகளையும் எடுத்துப் போயிருந்தேன். என்னுடையவற்றுக்கு வெள்ளைத் துணி விரித்த மேசையும் விளக்கு வெளிச்சமும் கிடைத்தன. முட்டிகளை எங்கே வைப்பது என்று ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு, வாசலில் தோரணத்துக்குக் கீழே அலங்காரமாக வைக்கலாம் என்றார்கள். "அக்கா, நீங்கள் செய்யிறது கலை. இது சாமான்தானே" என்று ஒரு தம்பி மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஒரு வசனம் இத்தனை நாளாகியும் மனதை விட்டுப் போகவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பன்னிரண்டு வருடங்கள். புதுச்சேரியில் இரண்டு வருடங்கள் படித்தேன். 1971 இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையின் வழியாகத்தான் ஸ்டோன்வேர் எனப்படும் உயர் வெப்ப மட்பாண்டக் கலை அந்தப் பகுதியில் வேரூன்றியது. அந்தப் பரம்பரையில் வந்த ஒருவரிடம் நான் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகினேன். ஊருக்குத் திரும்பிவந்து கோண்டாவிலில் ஒரு சிறிய எரிவாயுச் சூளை போட்டபோது, தொழில் கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் மண் அந்த நினைப்பை மூன்று நாளில் தீர்த்துவைத்தது. குடாநாட்டுக் குளம் ஒன்றில் எடுத்த களியில் இருபது கிண்ணங்கள் வனைந்து, 1000 பாகை செல்சியஸில் சுட்டு எடுத்தேன். சூளையைத் திறந்த அன்று ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை தட்டில் அடுக்கியிருந்த கிண்ணங்களைக் கையில் எடுத்தால், ஒவ்வொன்றிலும் உழுந்தளவு சில்லுகள் தெறித்துப்போய்ச் சிறு குழிகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஊசிமுனை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். அந்தக் கல்லின் துகள் களியில் கலந்திருந்தால், 900 பாகையை நெருங்கும் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிப் பருத்துச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். புதுச்சேரியில் தெரிந்தெடுத்த மண்ணில் மட்டும் வனைந்து பழகிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

உடைந்த கிண்ணங்களில் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஐயாவைத் தேடிப் போனது அப்போதுதான். அவர் குழியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, களியைக் கரைச்சு வடிக்கேல்லையோ?" என்று கேட்டார். களியைத் தண்ணீராகக் கரைத்துத் துணியில் வடிப்பதும், சுட்ட பாண்டத்தைச் சூளையிலிருந்து எடுத்த கையோடு தண்ணீரில் தோய்த்து ஊறவிடுவதும் அவருக்குத் தகப்பன் சொல்லிக்கொடுத்தவை. தண்ணீரில் ஊறும்போது சுண்ணாம்பு குழைந்து இளகிவிடுவதால் பருத்து வெடிக்கும் வலு அதற்குக் குறைந்துபோகிறது. இந்த இரசாயனத்தை நான் பிறகு படித்து விளங்கிக்கொண்டேன். வேலை அதற்கு முன்பே அவருடைய முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

அதன்பின் ஒன்றரை வருடம், வாரத்தில் இரண்டு நாள், அவரிடம் போய் இருந்தேன். அவர் வீட்டில் பெண்கள் மண் மிதிப்பார்கள், பாண்டம் காயவைப்பார்கள், சக்கரத்தில் இருப்பதில்லை. ஆனாலும் என்னை இருக்கவிட்டார். கள்ளு முட்டி ஒன்றை அவர் செய்வதைப் பார்த்திருந்தால் அந்தத் தம்பி அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். சக்கரத்தில் வனையும்போது முட்டிக்கு அடி இல்லை; கழுத்தும் விளிம்பும் தடித்த சுவரும் மட்டுமே இருக்கும். நிழலில் வாடவிட்டு, மடியில் வைத்து, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடிக்கொண்டு வருவார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து வயிறு பெருக்கும். சத்தத்தை வைத்தே தடிப்பை அறிவார். எனக்கு ஒரே மாதிரிக் கேட்ட தட்டலில் அவர் கை ஓரிடத்தில் நின்று திரும்பவும் தட்டும். "அடியை மொத்தமா விடாதை பிள்ளை, காயேக்கை அதுதான் வெடிக்கும்" என்பார். பனையில் ஏறுபவர் சுமக்கும் பாண்டம் என்பதால் அது பாரமாக இருக்கக்கூடாது. பாளையின் கீழே கயிற்றில் தொங்குவதால் கழுத்து ஒடுங்கவும், விளிம்பு வெளியே மடியவும் வேண்டும். உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர் இறங்கும், பூசாவிட்டால் கள்ளு. இவ்வளவு தேவைகளுக்கும் விடை சொல்லி நிற்கும் ஒரு வடிவத்தில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு எதுவும் அகப்படவில்லை. என் சாடிகளின் வயிற்று வளைவை நான் எடுத்துக்கொண்டது அந்த முட்டியிலிருந்துதான். அந்த வளைவைத்தான் கண்காட்சியில் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

எடுத்துக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பூச்சில் சேர்க்கத் தெற்கிலிருந்து வரவேண்டிய பெல்ஸ்பார் என்ற கனிமமும் வரவில்லை. சூளை நாலு மாதம் குளிர்ந்து கிடந்தது. கிளேஸ் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிப் பூச்சுக்கு அடிப்படையில் மூன்று பொருள்கள் போதும்: கண்ணாடியாவதற்கு மணல், அதை உருக்குவதற்கு ஒரு இளக்கி, வழிந்து ஓடாமல் பிடித்துவைப்பதற்குக் கொஞ்சம் களி. வல்லிபுரத்து வெள்ளை மணல் நல்ல சிலிக்கா மணல் என்பது முன்பே தெரியும். இளக்கியாக அடுப்புச் சாம்பலையும், கிணறு வெட்டிய இடத்தில் குவிந்திருந்த சுண்ணாம்புக் கல்லை இடித்த தூளையும் எடுத்தேன். 1000 பாகையில் என் கிண்ணங்களை உடைத்த அதே சுண்ணாம்பு, 1250 பாகையில் மணலை உருக்கிக் கண்ணாடியாக்கும். வடித்த எங்கள் செம்மண்ணைச் சிறிதளவு சேர்த்தால் அதிலுள்ள இரும்பு தேன் நிறம் தரும். கூட்டிக்கொண்டு போனால் கறுப்பை நெருங்கும் கபிலம் வரும். விறகுச் சூளை ஒன்றைக் கட்டி, அறுபதுக்கு மேற்பட்ட சோதனைத் துண்டுகள் சுட்ட பிறகு, ஒரு துண்டில் அந்தத் தேன் நிறம் விளிம்பில் மெலிந்தும் குழியில் திரண்டும் நின்றது. அன்றிலிருந்து எனக்கு வேறு கிளேஸ் தேவைப்படவில்லை. குடாநாட்டுக் களி அந்தச் சூட்டைத் தாங்காது, உருகிச் சரிந்துவிடும். ஆகையால் உடலுக்கு இன்னமும் வெளியிலிருந்து வரும் மண்ணைத்தான் பாவிக்கிறேன். மண்ணில் குறை கண்டால் அது எந்தச் சூட்டில் பயனாகும் என்று தேடிப்பார்க்க வேண்டும் என்பதை என் கொள்கையாக வைத்திருக்கிறேன்.

கலை வேறு, சாமான் வேறு என்று பிரிப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சிகளே அவர்கள் பக்கம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பட்டறை மட்பாண்டக் கலைக்கு வழிகாட்டிகள் என்று சொல்லப்படும் பெர்னார்ட் லீச்சும் ஹமாதா ஷோஜியும் 1920 இல் இங்கிலாந்தின் சென்ட் ஐவ்ஸில் சூளை கட்டியபோது, அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டவற்றில் கிராமத்துக் குயவர்கள் பெயர் பொறிக்காமல் செய்த சாடிகளும் சட்டிகளும் இருந்தன. அவர்களுடைய நண்பர் யனகி சொயெத்சு, சாதாரண மக்கள் அன்றாடம் பாவிக்கும் பொருள்களின் அழகைப் பற்றியே ஓர் இயக்கம் நடத்தினார். ஜப்பானியர் தேசியச் செல்வம் என்று பாதுகாக்கும் கிசாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணம், கொரியாவில் யாரோ ஒரு பெயர் தெரியாத குயவர் அன்றாடப் பாவனைக்காகச் செய்தது. நல்ல பாண்டம் எது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் செய்தவரின் அந்தஸ்தைக் கேட்கவில்லை.

நாங்கள் கேட்கிறோம். 1980 இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்கலங்களைக் காட்டி, எங்கள் தொன்மை இது என்று பெருமையோடு பேசுகிறோம். காற்றுப் படாத உட்புறம் கறுத்தும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தும் வரும்படி சூளைக்குள் நெருப்பை ஆண்ட கை யாருடையது? தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுத்த திருநீலகண்ட நாயனாருக்குக் குருபூசை செய்கிறோம். ஆனால் அதே தொழிலைச் செய்யும் ஐயாவிடம் முந்நூறு ரூபாய்ச் சட்டிக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம். நான் அந்தச் சமூகத்தில் பிறக்கவில்லை. அதனால்தான் என் கிண்ணத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் சொன்னால் ஒருவரும் பேரம் பேசுவதில்லை, என் கையில் ஒட்டிய மண் எனக்குப் பெருமையாகிறது, அவர் கையில் ஒட்டிய மண் அவருக்குச் சாதியாகிறது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டு பாண்டங்களும் ஒன்றுதான் என்றும் நான் சொல்லவரவில்லை. என் கிண்ணம் 1250 பாகையில் இறுகி நீர் கசியாமல் நிற்கும், எண்ணெயும் புளியும் அதில் ஊறா. அவருடையது ஆயிரத்துக்குக் குறைந்த சூட்டில் வெந்து நுண்துளைகளோடு இருப்பதால், அதன் வழியே கசிந்து ஆவியாகும் ஈரம் உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கும். என் சாடியை முதன்முதலில் அவரிடம் காட்டியபோது, சுண்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை தண்ணி குளிருமோ?" என்று கேட்டார். குளிராது என்றேன். "அப்ப எண்ணெய் ஊத்தி வைக்கலாம்" என்றார். பாண்டத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இவ்வளவு நேர்மையான ஒன்று வேறில்லை.

அன்று முட்டிகளை வாசலில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் என் பட்டறைக்கு வருவது வழக்கம். இந்த முறை அவருடைய முட்டிகளும் சட்டிகளும் என் கிண்ணங்கள் இருக்கும் அதே மேசையில், அவருடைய பெயர் எழுதிய அட்டையோடு இருக்கும். விலையை அவரே சொல்லட்டும் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார், முட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார், மகளைப் பார்த்தார், பிறகு "நானூறு போடு பிள்ளை, கூடிப்போச்சோ?" என்றார். அட்டையில் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மண் இறக்க வருவார். அப்போது திரும்பக் கேட்பேன்.