பிராஞ்ச் ஆபீஸ்காரன் பேசுகிறேன்

"குமிழி உடைஞ்சுது, கமிட்டி சொன்னதுதான் கரெக்ட்." கூடவே கண்ணில் தண்ணி வர சிரிக்கிற எமோஜி மூணு. எங்க காலேஜ் யுடிஎஸ்ஏ (டெக்சாஸ் யுனிவர்சிட்டி, சான் ஆன்டோனியோ) ஃபுட்பால் டீம் ஒரு மேட்ச் தோத்ததுக்கு ஒரு நண்பர் போட்டது, யார்னு உங்களுக்கே தெரியும். நானும் ஒரு வாரம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்க சாம்பியன் ஆனதுக்கு அப்புறமாவது அதை எடுத்துடுவார்னு பார்த்தேன். எடுக்கல. புதுசா நாலு லைக் வேற விழுந்திருக்கு.

சரி, பேசிடுவோம்.

(ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: இது மெஸ்ஸி ஆடுற ஃபுட்பால் இல்ல. ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டி மோதுற ஃபுட்பால். கல்லூரிப் பசங்க ஆடுறதுதானேன்னு நினைக்காதீங்க, இங்க அதுக்கு இருக்கிற வெறியே தனி.)

யுடிஎஸ்ஏ 2021 சீசன்ல வரிசையா 11 மேட்ச் ஜெயிச்சது. பதினொண்ணு. பன்னிரண்டாவதுல நார்த் டெக்சாஸ்கிட்ட 45-23னு உதை வாங்கினோம். கேவலமான தோல்விதான். லீக்ல எங்க பிரிவை (டிவிஷன்) முந்தின வாரமே ஜெயிச்சாச்சு, பசங்க அசந்துட்டாங்க, விடுங்க. ஆறே நாள்ல வெஸ்டர்ன் கென்டக்கியை 49-41ல சாய்ச்சு கான்ஃபரன்ஸுக்கே (நாங்க ஆடுற லீக்) சாம்பியன். இதுக்குப் பேரு குமிழியாம்.

அந்த கமிட்டி மகாத்மியத்தையும் பார்த்துடலாம். நவம்பர் 2, பிளேஆஃப் கமிட்டியோட (தேசிய சாம்பியன் போட்டிக்கு டீம் பொறுக்குறவங்க) முதல் தரவரிசை. அன்னைக்கு நாங்க 8-0, அதாவது எட்டு வெற்றி, தோல்வியே இல்ல. இருபத்தஞ்சு இடத்துல ஒரு இடம்கூட இல்ல. மூணு மேட்ச் தோத்த விஸ்கான்சின் 21வது இடத்துல. அதே மாதிரி மூணு தோத்த மிசிசிப்பி ஸ்டேட் 17வது இடத்துல! அந்த மிசிசிப்பி ஸ்டேட் செப்டம்பர்ல மெம்ஃபிஸ்கிட்ட தோத்த டீம். அதுக்கு அடுத்த வாரமே, அதே மெம்ஃபிஸை அவங்க ஊருக்கே போய், 21-0 பின்தங்கி இருந்து, கடைசி நொடி ஃபீல்டு கோல்ல 31-28னு ஜெயிச்சது யாரு? இந்தக் கணக்கு எனக்குப் புரியல. எம்.எஸ். வரைக்கும் படிச்சவன்தான் நானும்.

"மெம்ஃபிஸ்-மிசிசிப்பி ஸ்டேட் மேட்ச்ல அம்பயர் தப்பு பண்ணிட்டாங்க" அப்படின்னு ஒருத்தர் வருவார். ஆமா, பண்ணாங்க. அதனால?

"யாரோட ஆடினீங்க, எல்லாம் சப்பை டீம்தானே" அப்படின்னு இன்னொருத்தர். இல்லினாய் சப்பையா? அவங்க மைதானத்துலயே 37-30ல ஜெயிச்சோம். அதே இல்லினாய்தான் அக்டோபர்ல ஒன்பது ஓவர்டைம் போய், ஏழாவது இடத்துல இருந்த பென் ஸ்டேட்டைக் கவுத்தது. மத்த டீம்கள் கொஞ்சம் சுமார்தான், ஒத்துக்கறேன். ஆனா பெரிய டீம்கள் எங்களை ஆடக் கூப்பிடணுமே. தோத்தா அவங்களுக்குத்தான் அசிங்கம், எதுக்குக் கூப்பிடுவாங்க?

இதை நான் ஏன் இவ்வளவு சொந்தமா எடுத்துக்கறேன்னு வீட்ல கேட்டாங்க.

செப்டம்பர் 3, 2011. நான் எம்.எஸ். சேர்ந்து மூணு வாரம்கூட ஆகல. ரூல்ஸ் ஒரு மண்ணும் தெரியாது. ரூம்மேட் இழுத்துட்டுப் போனான். யுடிஎஸ்ஏ ஃபுட்பால் வரலாற்றுலயே முதல் மேட்ச், எங்க ஊர் ஸ்டேடியம் அலமோடோம்ல. 56,743 பேர். புது டீமோட முதல் மேட்சுக்கு அதுவரைக்கும் அவ்வளவு கூட்டம் எங்கயும் வந்ததில்ல. பக்கத்து சீட்ல ஒரு மெக்சிகன் பாட்டி. நான் திருதிருன்னு முழிக்கிறதைப் பார்த்துட்டு, நாச்சோ தட்டை என் மடியில வெச்சு, நாலு விரலைக் காட்டி, ஒவ்வொண்ணா மடக்கி, "நாலு வாய்ப்பு, பத்து கஜம்"னு சொல்லிக் கொடுத்தாங்க. சீஸ் பட்ட விரல். அன்னைக்கு 31-3ல ஜெயிச்சோம். எனக்கு இந்த ஊர்ல முதல் சொந்தம் அந்தப் பாட்டிதான், பேருகூடக் கேட்டுக்கல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போய் பொண்ணு பார்த்தோம். பொண்ணோட அப்பா கேட்டார். "தம்பி, டெக்சாஸ் யுனிவர்சிட்டின்னா ஆஸ்டினா?" "இல்லிங்க சார், சான் ஆன்டோனியோ." "ஓ... பிராஞ்சா?"

கேசரி கையில இருந்துச்சு. அப்படியே டம்ளர் பக்கத்துல வெச்சுட்டேன். அந்த சம்பந்தம் நடக்கல (நல்லவேளை, இப்ப இருக்கிறவங்க இதைப் படிப்பாங்க). ஆனா அந்த "ஓ" இன்னும் காதுல இருக்கு. 8-0 டீமைப் பட்டியல்ல விட்டப்ப கமிட்டி சொன்னதும் அதே "ஓ"தான்.

குமிழி நண்பர் ஆஸ்டின்ல படிச்சவர். நான் ஒண்ணும் சொல்லல. அவர் டீம் 2021ல 5-7. சொந்த மைதானத்துல கான்சாஸ்கிட்ட 57-56ல தோத்துது. கான்சாஸ்கிட்ட. அதுக்கு நான் ஒரு எமோஜிகூடப் போடல, போய்ப் பார்த்துக்கலாம்.

எங்க கோச் ஜெஃப் டிரெய்லர் கில்மர்ங்கிற சின்ன ஊர்ல பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கோச்சா இருந்து வந்தவர். 2019ல 4-8ல கிடந்த டீமை எடுத்து ரெண்டே வருஷத்துல இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்கார். பெரிய இடத்துக்குத் தாவப் போறார்னு ஊரே பேசினப்ப பத்து வருஷத்துக்கு, 28 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். பணத்துக்குத்தான்னு சொல்லுவீங்க. நீங்க எல்லாம் சேவைக்குத்தான் ஐடி வேலை பார்க்கறீங்க இல்ல? அந்த சீசன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவன்) ஃபிராங்க் ஹாரிஸ் பக்கத்துல இருக்கிற ஷெர்ட்ஸ் ஊர்ப் பையன். முழங்கால்ல எத்தனை ஆபரேஷன். சின்சியர் மெக்கார்மிக், ரஷாட் விஸ்டம் ரெண்டு பேரும் இங்க இருக்கிற ஜட்சன் ஸ்கூல். எல்லாம் பக்கத்துத் தெருப் பசங்க. பெரிய காலேஜ்கள் திரும்பிப் பார்க்காத பசங்க நிறைய பேர் இதுல.

யுஏபி (அலபாமா யுனிவர்சிட்டி, பர்மிங்காம்) மேட்ச்ல மூணு நொடி மிச்சம். ஹாரிஸ் வீசின பந்து கை பட்டு எகிறி, ஆஸ்கார் கார்டெனாஸ் கைல வந்து விழுந்துச்சு. 34-31. அதிர்ஷ்டம்னு எழுதினாங்க. நான் அப்ப அலமோடோம் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டு இருந்தேன், முப்பத்தஞ்சு வயசு ஆளு. பொண்ணு "அப்பா, ஜெயிச்சுட்டோம்பா, எந்திரிப்பா"ன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்கறா.

சீசன் முடிஞ்சதும் நடக்கிற பவுல் கேம் ஒண்ணுகூட 2021 வரைக்கும் நாங்க ஜெயிச்சதில்ல, தெரியும், கமென்ட்ல வந்து ஞாபகப்படுத்த வேணாம். 2021 டிசம்பர் 21, ஃபிரிஸ்கோ பவுல். எதிர்ல சான் டியாகோ ஸ்டேட். எங்களுக்கு இடமில்லாத அந்த முதல் பட்டியல்ல 24வது இடத்துல இருந்த அதே டீம். டிக்கெட் எடுத்தாச்சு. எமோஜி நண்பருக்கும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், அவர் டீம்தான் பவுல் கேம் கிடைக்காம அன்னைக்கு ஃப்ரீயாச்சே.