பளிங்குத் தரைக்கு எலுமிச்சை வேண்டாம்

"பாத்ரூம் பளிங்கில் படிந்த உப்புக்கறைக்கு எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போதும்" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், பளிங்கும் அதேதான். எலுமிச்சையின் அமிலத்துக்கு இரண்டும் ஒன்று, கறையோடு கல்லையும் அரிக்கும். உடைந்த பளிங்குத் துண்டில் ஒரு சொட்டுச் சாறு விட்டுப் பாருங்கள், பொடிப்பொடியாகக் குமிழ் வரும். துடைத்தால் மெருகு போய் மங்கலான வட்டம் நிற்கும். அப்புறம் பாலிஷ் போட ஆள் தேட வேண்டியதுதான். செட்டிநாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டில் செய்வது, அதற்கும் இதே கதி.

சரி, என்ன செய்வது? குளித்ததும் வைப்பரால் தண்ணீரை வழித்துத் துணியால் ஒற்றிவிடுங்கள். உப்புத்தண்ணீர் அங்கேயே காய்ந்தால்தான் கறை. சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசினால் நீர் ஊறுவது குறையும், அமில அரிப்பை அது தடுக்காது. ஒரு துளி நீர் விட்டுச் சில நிமிடத்தில் கல் கருத்தால், மறுபடி பூசுங்கள்.