உரிமம் கிடைத்த பிறகுதான் உழைப்பே தொடங்குகிறது

தென்னாப்பிரிக்காவில் கிறித்தவச் சமூக வானொலிகள் வளர்ந்த கதையைக் கூறும் ஒரு கட்டுரையை அண்மையில் வாசித்தேன்; அது அவற்றின் தொடக்கத்தை நம்பிக்கையாளரின் ஊக்கத்தோடு மட்டும் இணைத்துப் பார்க்கிறது. ஊக்கம் முன்பும் இருந்தது; சட்டம்தான் இல்லை. 1993ஆம் ஆண்டின் சுயேச்சை ஒலிபரப்பு ஆணையச் சட்டம் வந்த பின்னரே, அரசு ஒலிபரப்புக் கழகத்துக்கு வெளியே ஒரு திருச்சபைக் குழுவோ ஓர் ஊர்ச் சங்கமோ முறைப்படி உரிமம் கேட்கும் வழி பரவலாகத் திறந்தது. டர்பனில் இருக்கும் எங்களுக்கு அதற்கு முன் இந்திய மொழிகளில் கிடைத்தது, 1983இல் அக்கழகம் தொடங்கிய ரேடியோ லோட்டஸ் மட்டுமே எனலாம்.

நிர்வாகத்தைப் பற்றி அக்கட்டுரையாளர் இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம். சமூக வானொலி இலாப நோக்கமற்ற அமைப்பின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் நேயர்களுக்கும் பங்கு வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நன்கொடை, விளம்பரம், உறுப்பினர் கட்டணம் ஆகிய மூன்றையும் அனுமதிக்கிறது. ஆனால் நடைமுறையில், ஒலிபரப்புக் கோபுரத்தின் வாடகையும் இசைக்கான உரிமத்தொகையும் மாதந்தவறாமல் வந்து நிற்கும்போது, காணிக்கைப் பணம் எவ்வளவு தூரம் தாங்கும்? மின்வெட்டு நாட்களில் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவே தன்னார்வலர்கள் தங்களுக்குள் பணம் திரட்டியதைக் கண்டிருக்கிறேன்.

நான் உதவிய நிலையத்தில் வாரம் அரைமணி நேரம் தமிழ்க் கீர்த்தனைகள் ஒலித்தன. அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில்தான்; பேரப்பிள்ளைகளுக்கும் புரிய வேண்டுமல்லவா!