மார்ஃபின் இருந்தால் மோசமான இடமா?

"மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், அது இல்லாத நோய்த் தணிப்புப் பராமரிப்பு இல்லமாகப் பார்த்துச் சேருங்கள்" என்று மதுரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து; புற்றுநோயின் கடும் வலிக்கு இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்து. நோயாளிக்கு இது எளிதாகக் கிடைக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது.

சாதாரண மாத்திரை ஏறத்தாழ 4 மணி நேரம் கேட்கும். அதனால் 5 மி.கி. போலக் குறைவாகத் தொடங்கி, 4 மணிக்கொரு முறை கொடுத்து, வலியைப் பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். அப்படி ஏற்றினால் ஆயுள் குறையாது. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடலில் தங்கிவிடும். அளவைக் குறைக்காவிட்டால் ஆபத்து.

குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் தணியும். மலச்சிக்கல் தணியாது. முதல் நாளே மலமிளக்கி எழுதாத இடத்தை நம்பாதீர்கள்.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், மருந்து தரும் பராமரிப்பு மையத்திடம் முதலிலேயே கேளுங்கள்: மார்ஃபின் மாத்திரை இருப்பு உண்டா? வலியை 0 முதல் 10 வரை கேட்டுக் குறிக்கிறார்களா? ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் போனை எடுப்பது யார்? எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு என்றால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழையுங்கள்.