பாலம் விழட்டும், விடுங்கள்

நான்கு வயதுக் குழந்தைகளிடம் கட்டைகளைக் கொட்டி, "ஏதாவது கட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கோபுரம் எழும், ஒரு தட்டுத் தட்டுவார்கள், சிரிப்பு, முடிந்தது. அதே கட்டைகளோடு ஒரு கதையைக் கொடுத்தேன். அணில் அக்கரைக்குப் போக வேண்டும். ஆமையின் படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து போகவும் வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஒரு சிறுமி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, தான் கட்டிய பாலத்தின் அடியில் ஒரு கண்ணால் பார்த்தாள். "படகு போகும். ஆனால் ஆமைக்குத் தலை இடிக்கும்" என்றாள். கலைத்துவிட்டு, கட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினாள். உயரம் கிடைத்தது, பாலம் ஆடியது. கால்களுக்கு இடையே தூரம் கூடிப்போனதால் மேல் பலகை எட்டவில்லை. மறுபடியும் கலைத்தாள். இதைத்தான் இடஞ்சார் சிந்தனை என்கிறோம். ஒரு பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பது, இன்னொருவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது, பொருந்துமா என்று கை வைக்கும் முன்பே கணிப்பது.

இது பிறவியிலேயே வருவது, சிலருக்கு வாய்க்கும் சிலருக்கு வாய்க்காது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஓர் அலசல், பயிற்சியால் இத்திறன் வளர்கிறது என்று காட்டியது. கிண்டர்கார்டன் முறையைத் தொடங்கிய ஜெர்மன் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837இலேயே மரக்கட்டைகளைக் குழந்தைக் கல்வியின் நடுவில் வைத்துவிட்டார். நாம்தான் அவற்றை 'ஓய்வு நேரத்துக்கு' என்று அலமாரியில் ஏற்றி வைத்தோம்.

என் வருத்தம் ஆசிரியர்கள் மீது அல்ல. அவர்களுக்குத் தரப்படும் பயிற்சியின் மீது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்து, 'செயல்வழிக் கற்றல்' பற்றி உரையாற்றி, கையில் கோப்பு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறோம். "எனக்கே இடம் வலம் குழம்பும், நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று ஓர் ஆசிரியை என்னிடம் மெல்லிய குரலில் கேட்டார். அந்தப் பதற்றம் சிறிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வில், இத்தகைய பதற்றம் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்த குழந்தைகளின் இடஞ்சார் திறன் அந்த ஆண்டில் குறைவாகவே வளர்ந்திருந்தது.

பேச்சையும் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் நாம் அதிகம் சொல்வது "அங்கே வை", "இப்படி வை". மீதியை விரல் சொல்லிவிடுகிறது. "சிவப்புக் கட்டைக்குப் பின்னால், சுவரை ஒட்டி, படுக்கைவாட்டில் வை" என்றால் குழந்தை அந்த இடத்தை மனத்தில் தேட வேண்டியிருக்கும். நம் மொழி இதற்குச் சளைத்ததல்ல: குறுக்கே, நெடுக, ஓரம், விளிம்பு, இடுக்கு, எதிரே. ஆனால் 'முன்னால்' என்ற சொல் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். "அணிலுக்கு முன்னால் ஆமை வந்தது" என்றால் குழந்தை விழிப்பதில் தவறில்லை. கட்டை விளையாட்டுக்கு இப்படிக் கதை எழுதும் ஆசிரியர் இதைப் பார்த்து எழுத வேண்டும்.

இன்னொன்று, கதையின் முடிச்சு இடத்தால் மட்டுமே அவிழ வேண்டும். அணில் அழகானது, நல்லது என்று பத்து வரி எழுதினால் கட்டைக்கு அங்கே வேலையில்லை. பாலம் சரியும்போது ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கவும் கூடாது. எனக்கு இதுதான் மிகக் கடினம். இன்றும் கை நீண்டுவிடுகிறது.

இடம் வலம் குழம்பும் அந்த ஆசிரியையிடம் அடுத்த பயிற்சியில் கட்டைகளைக் கொடுத்து அதே அணில் கதையைச் சொன்னேன். மூன்று முறை சரிந்தது. இடைவேளை மணி அடித்தும் அவர் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.