துக்கப்படுவது அவிசுவாசமா? பரவும் செய்தியின் உண்மை

“விசுவாசி அழக்கூடாது, 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கத்தைத் தடைசெய்கிறது, ஆலோசகரைத் தேடுவதும் அவிசுவாசமே” என்று கூறும் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

பைபிளின் அந்த வசனம் இறந்தவர்களுக்காகத் துக்கப்படுவதை விலக்கவில்லை. “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல” துக்கிக்க வேண்டாம் என்றே பவுல் எழுதுகிறார். பரவும் செய்தி இந்தச் சொற்களை விட்டுவிடுவதால் பொருளே தலைகீழாகிவிடுகிறது. லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவே அவனுடைய கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35) என்றால், உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழுவதில் என்ன குற்றம்?

ஆலோசனையைப் பற்றிய கூற்றும் நிற்காது. பைபிளில், பிள்ளைகளையும் சொத்துகளையும் இழந்த யோபுவின் நண்பர்கள் 7 நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனுடன் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே அவனைக் காயப்படுத்தினார்கள். நல்ல கிறிஸ்தவ ஆலோசகர் செய்வதும் அந்த முதல் ஏழு நாட்களின் வேலைதான். இறந்த கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கட்டிலருகிலிருந்து எடுக்க மனம் வராத பெண்ணிடம் “இன்னுமா?” என்று கேட்காமல், அவரைப் பற்றிப் பேசவிட்டு, அவர் பெயரைச் சொல்லி, அவள் விரும்பினால் மட்டும் ஜெபிப்பார்.

இழப்புக்குப் பின் ஓராண்டைக் கடந்தும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அது மருத்துவர்கள் 2022 முதல் தனி நோயாகவே வகைப்படுத்தியுள்ள நீடித்த துக்கமாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அப்போது ஜெபத்துடன் மனநல மருத்துவரின் உதவியும் வேண்டும். அவரிடம் அனுப்பத் தயங்கும் ஆலோசகர் தம் கடமையில் தவறுகிறார்.